பாயின்ட் கார்டின் ஒரு மூச்சுத் தாமதம்

கோலாலம்பூரில் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்து அணி இருக்கிறது. அந்த அணியின் பலவீனம் எது என்று பத்தாங் பெர்ஜுந்தாயில், நானாவின் சாப்பாட்டுக் கடையில், நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். பலவீனம் எது என்பதில் உண்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாயின்ட் கார்ட்தான். ஏன் அப்படி, என்ன செய்தால் தீரும் என்பதில்தான் சண்டை. அந்தப் பாயின்ட் கார்ட் என் மனைவியின் தம்பி.

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. களத்தில் ஐந்து பேர் இருந்தாலும் பந்தைக் கொண்டு வருகிறவன் ஒருவன்தான். எதிரணி வழி மறிக்கும்போது அதைத் தாண்டிப் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லி, ஓடியவனின் கையில் சரியான நேரத்தில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டியவன். அவனைத்தான் பாயின்ட் கார்ட் என்பார்கள். கடையில் நாங்கள் சுருக்கமாகப் பாயின்ட் என்போம். அவன் தடுமாறினால் மற்ற நால்வரும் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களாக இருந்தாலும் பயனில்லை.

என் மைத்துனன் அந்த இடத்துக்குத் திட்டமிட்டு வந்தவன் அல்ல. இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவன். பனை எண்ணெய் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் போனான். முதல் பாயின்டுக்கு முழங்கால் போனது, இவன் இறங்கினான், அதிலிருந்து அணி தோற்றுக்கொண்டே வந்தது. மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். இன்னும் இரண்டு சனிக்கிழமை பார்ப்போம், சரிவரவில்லை என்றால் வெளிநாட்டிலிருந்து ஒரு பாயின்ட் வருவார் என்றார். அணியில் இடங்கள் அளவானவை. ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். பருவத்தின் நடுவில் வெளியே அனுப்பப்பட்ட, முப்பதை நெருங்கும் ஒருவனை வேறு எந்த அணியும் எடுக்காது. அந்த இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்றும் தோல்வியில் போய்விட்டது. மீதி ஒன்று.

அந்தத் தோல்விக்கு மறுநாள், ஞாயிறு காலை, நானா ஆட்டத்தின் பதிவைக் கடைத் தொலைக்காட்சியில் போட்டார். நானா என்பது அவருடைய பெயரல்ல. நாகூர்ப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஊரே அவரை அப்படிக் கூப்பிடுகிறது. ஊரின் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வெகுகாலம் ஆகியும் நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றே சொல்வதைப் போல. எங்கள் மேசையில் நான், என் மனைவி, எஸ்டேட்டிலிருந்து ஆலைக்குப் பனங்குலை ஏற்றிப் போகும் லோரிக்காரர். நானா கல்லாவுக்கும் எங்கள் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"இதுக்கு மேல என்ன லா பேசுறது?" என்று லோரிக்காரர் ஆரம்பித்தார். "வெளியிலேருந்து ஆளக் கொண்டாரணும். பாயின்ட்டுன்னா எஸ்டேட்டுல வேலை வாங்குற மண்டோர் மாதிரி. அவன் ஒரு சத்தம் போட்டா நாலு பேரும் நகரணும். இவன் சத்தமா போடுறான்? கும்புடுல்ல போடுறான்."

"கும்புடு போட்டாலும் பரவால்ல, பந்தப் போடணும்ல?" என்றார் நானா. "வெச்சுக்கிட்டு நிக்கிறான். ரொம்ப நேரம் இல்ல. ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுல எல்லாம் போச்சு."

"பயம், நானா."

"எது பயம்? பனமரம் மாதிரி ரெண்டு பேரு நிக்கிறானுங்க, நடுவால பூந்து போறான். பயந்தவன் அப்படிப் போவானா?"

"அப்ப மூளை இல்ல."

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். லோரிக்காரர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. நம்ம புள்ள. அதான் வயிறு எரியுது."

"எரியட்டும்ணே. அந்தத் தேத்தண்ணிய ஊத்துங்க, அணஞ்சிரும்."

நானா உரக்கச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கிராணியாரே, நீங்க சொல்லுங்க. கடைசியா எப்ப ஜெயிச்சானுங்க?"

எஸ்டேட்டில் என் வேலை கிராணி வேலை, கணக்கு எழுதுவது. நாள்களைக் குறித்து வைப்பது வேலையோடு வந்த பழக்கமா, பழக்கத்தால் அந்த வேலைக்குப் போனேனா என்று எனக்கே தெரியாது. "பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. பழைய பாயின்டுக்கு முழங்கால் போனதும் அதே ஆட்டத்துலதான். நாலு குவாட்டர்ல மூணாவது."

"பாத்தீங்களா? அவனுக்கு முட்டி போச்சு, நமக்கு மானம் போச்சு."

பந்து பறிபோன ஒவ்வொரு தடவையையும் நான் கவனித்து வைத்திருந்தேன். கேப்டனுக்குக் கொடுக்கும்போதுதான் அதிகம் போகிறது என்று சொன்னேன். லோரிக்காரர் ஒரே வாக்கியத்தில் அதைக் கவிழ்த்துவிட்டார்: "கேப்டனுக்குத்தானே அதிகம் குடுக்குறான், அங்கதானே அதிகம் போவும்?" 

திரையில் அப்படி ஒரு தடவை வந்தது. கேப்டன் எதிரணிக்காரனை மறித்துச் சுவர் போல நிற்கிறார். மைத்துனன் பந்தைத் தட்டிக்கொண்டே அவரை ஒட்டி இடப்பக்கமாகச் சுற்றி வருகிறான். கேப்டன் சட்டென்று திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். ஒரு கதவு திறந்து மூடுகிற நேரம்தான் இருக்கிறது. கதவு மூடிய பிறகு பந்து போகிறது. எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

"நானா, அத திரும்பப் போடுங்க," என்றாள் என் மனைவி.

போட்டார்.

"இன்னொரு தடவ."

மூன்றாவது முறைக்குப் பிறகு, "முதல் குவாட்டர்ல அந்த ஒல்லித் தம்பிக்குக் குடுத்தானே, அதப் போடுங்க," என்றாள். ஒல்லித் தம்பி அணியில் வயதில் சிறியவன், வடக்கே சித்தியவானிலிருந்து வந்த உயரமான சீன இளைஞன். அவனுக்கு மைத்துனன் கொடுத்த பந்து, கொடுத்தது தெரியாமலேயே போய்ச் சேர்ந்திருந்தது. லோரிக்காரர்கூட, "இது பாஸு!" என்றார்.

என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "போலாம்."

கார் பனை மரங்களுக்குள் திரும்பியது. "கை மாத்துறான்," என்றாள் அவள்.

"யாரு?"

"தம்பிதான். இடது கையில பந்து இருக்கு. அப்படியே விட்டா போய்ச் சேர்ந்துரும். விட மாட்டேங்குறான். வலது கைக்கு மாத்திட்டு விடுறான். அந்த ஒல்லித் தம்பிக்கு மாத்தல. மத்த யாருக்கும் மாத்தல. கேப்டனுக்கு மட்டும் மாத்துறான்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அவன் இடக்கைக்காரன். எழுதுவது இடது கையால், கூடையில் பந்து போடுவது இடது கையால். ஆனால் அவர்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இடது கையால் ஒன்றும் நீட்டக்கூடாது; எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இந்த வட்டாரத்தில் எந்த இனத்தார் வீட்டுக்குப் போனாலும் வலது கையால் கொடுப்பார்கள், அல்லது இரண்டு கையாலும் கொடுப்பார்கள். கேப்டன் அணியிலேயே மூத்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாசிர் பெனம்பாங்கில் மீன் விற்கும் சீனக் குடும்பத்துப் பிள்ளை. சீனப் பள்ளியில் படித்த என் மைத்துனன் சிறுவயதில் பஸ் ஏறிப் போய் அவர் ஆடுவதை வேலிக்கு வெளியில் நின்று பார்த்தவன். இன்றும் அவரைக் கோ என்றுதான் கூப்பிடுகிறான். அவர்கள் பேச்சில் கோ என்றால் அண்ணன்.

அண்ணனுக்கு இடது கையால் கொடுக்க அவனுக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான். இந்த விளையாட்டைப் பற்றி நான் வாங்கிப் படித்த புத்தகங்களில் விரல்களை எப்படி விரிப்பது, மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்றெல்லாம் படம் போட்டிருந்தது. பந்தை வாங்குகிறவரின் வயதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

"உடனே சொல்லணும்," என்றேன்.

"சொல்லக்கூடாது."

"என்ன பேசுற நீ? அடுத்த சனிக்கிழமை விட்டா அவனுக்கு வேற ஆட்டம் இல்ல."

"அதனாலதான் சொல்றேன். படி இறங்குறப்ப எந்தக் கால முதல்ல வைக்கிறோம்னு யோசிச்சுப் பாருங்க. விழுந்துருவீங்க. இப்ப அவனுக்குத் தெரியாம மாத்துறான். சொல்லிட்டா, தெரிஞ்சு மாத்துவான். ஒரு மூச்சு ரெண்டு மூச்சாயிடும்."

"அப்ப தெரியாமலே தோக்கட்டுமா?"

"நான் அப்படியா சொன்னேன்? ஆட்டம் முடியட்டும். அப்புறமா சொல்லலாம்."

"அப்புறம் சொல்லி என்ன செய்ய? ஞாபகமா வெச்சுக்கவா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது ஒண்ணும் தப்பு இல்ல," என்றாள். "பெரியவங்களுக்கு இடது கையில யாரு குடுப்பா?"

அந்த வாரம் முழுவதும் இதுவே எங்கள் பேச்சு. நான் நானாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. நானா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, மேசைமேல் இருந்த சர்க்கரை டப்பாவை எனக்கு இடது கையால் நீட்டிப் பார்த்தார். பாதி வழியில் அவருக்கே கூசி வலது கைக்கு மாற்றினார். "யா அல்லா, நெசந்தான்," என்றார். அவர் லோரிக்காரரிடம் சொல்ல, லோரிக்காரர் எனக்குப் போன் செய்தார். "கிராணி, இன்னிக்கே சொல்லுங்க லா. நான் சொல்லவா? ஒரு மெசேஜ்தான்." அனுப்பினால் இனி எங்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று என் மனைவி போனைப் பிடுங்கிச் சொன்னாள்.

வியாழக்கிழமை அணிக்கு ஓய்வு. மைத்துனன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. மீன் குழம்பு, முள்ளங்கிப் பொரியல், அப்பளம். எல்லாம் அவனுக்குப் பிடித்தவை. மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தண்ணீர்க் குவளை அவனுடைய இடது கைப்பக்கம் இருந்தது. அதை எடுத்துத் தரும்படி நான் கேட்கவில்லை, அப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடாது என்று என் மனைவி கண்ணாலேயே சொல்லியிருந்தாள். ஆனால் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

"என்ன மாமா, என் கையையே பாக்குறீங்க?"

"ஒண்ணும் இல்ல, மாப்ள. சாப்பிடு."

"வந்ததுலேருந்து பாக்குறீங்க. அக்கா உங்களப் பாக்குது. என்ன விஷயம்?" அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "கிளப்புலேருந்து யாராச்சும் போன் பண்ணாங்களா? என்னைத் தூக்கிட்டாங்களா?"

அவன் குரலில் இருந்த பதற்றம் என் மனைவியைத் தாக்கியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னைச் சொல்ல விடாமல் தடுத்தவள் இப்போது தானே சொன்னாள். மூன்றே வாக்கியங்களில் சொன்னாள்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு முகம் மாறியது. "கோச் வீடியோ பாக்குறாரு. அசிஸ்டன்ட் பாக்குறாரு. பயம்னு சொன்னாங்க, கண்ணு டெஸ்ட் எடுத்தாங்க, தூக்கம் சரியில்லன்னு சொன்னாங்க. நீங்க நானா கடையில ரொட்டி தின்னுக்கிட்டு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"அப்படி இல்லடா..."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? இடது கையில குடுத்தா கண்ணு போயிடும்னு நெனைக்க? வாங்க. மாமா, வெளிய வாங்க."

கையைக் கழுவிவிட்டுக் காரிலிருந்து பந்தை எடுத்து வந்தான். வாசலில் என்னைப் பத்தடி தள்ளி நிற்க வைத்தான். இடது கையால் என் நெஞ்சுக்கு நேராக ஒன்று அனுப்பினான். கல் போல வந்தது. இன்னொன்று. இன்னொன்று. "பாத்துக்கிட்டீங்களா? இடது கைதானே? நீங்களும் பெரியவருதானே? கை மாத்துனேனா?"

எனக்கு உள்ளங்கை எரிந்தது. நாங்கள் நினைத்தது தவறோ என்று தோன்றியது. என் மனைவி வாசற்படியில் நின்றபடி வேறு ஒன்றைக் கேட்டாள்.

"ஆலையில பழைய லேப் வேலைக்கு யாராச்சும் வந்துட்டாங்களாடா?"

"தெரியலக்கா." அவன் பந்தைத் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்துப் பேசினான். "போன மாசம் கேட்டப்ப ஆள் போடலன்னாங்க. திரும்பவும் போய் நிக்கிறதுக்கு ஒரு மாதிரி இருக்கு. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எனக்குத்தான்..." பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், இடது கையில் இருந்த பந்தை வலது கைக்கு மாற்றி எனக்குப் போட்டான்.

பந்து என் கைக்கு வந்தது.  அவன் தன் கையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

"இத ஏங்கா இப்ப சொன்ன?" என்றான் கடைசியில். "நாளான்னிக்கு மேட்சு."

பந்தை வாங்கிக்கொள்ளாமலேயே காரில் ஏறினான். பாதிச் சோறு தட்டில் கிடந்தது. என் மனைவி அன்று என்னோடு பேசவில்லை. சொன்னது அவள் என்றாலும், பார்வையால் சொல்ல வைத்தது நான் என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இருந்தது.

சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு நான்கு பேரும் ஒரே காரில் போனோம். நானா கடையைத் தன் மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.  அரங்கில் பாதி இருக்கைகள் காலி. எங்களுக்கு நேர் கீழே அணியின் பெஞ்சு.

முதல் குவாட்டரில் என் மனைவி பயந்தது அப்படியே நடந்தது. அவன் பந்தோடு வரும்போதே கையைப் பற்றி யோசிக்கிறான் என்பது மேலே இருந்த எங்களுக்கே தெரிந்தது. முதல் தடவை மாற்றினான், பறிபோனது. அடுத்த தடவை மாற்றாமல் இடது கையாலேயே விட்டான். பந்து கேப்டனின் தோள்பட்டையில் அடித்து வெளியே போனது. கேப்டன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. இத்தனை வாரமாக ஒரு மூச்சுத் தாமதமாக வந்த பந்துக்கு அவருடைய உடம்பு பழகிவிட்டிருந்தது. சரியான நேரத்தில் வந்த பந்தை அவர் எதிர்பார்க்கவில்லை. இதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை.

கேப்டன் தோளைத் தடவிக்கொண்டு அவனை முறைத்தார். இன்னொரு தடவையும் அப்படியே ஆனது. கோச் அவனை வெளியே கூப்பிட்டார்.

"போச்சு," என்றார் லோரிக்காரர்.

"வாய மூடுங்க," என்றார் நானா.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு களத்தையே பார்த்தாள். "சொன்னேன்ல?" என்று அவள் கேட்டிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

இரண்டாவது குவாட்டர் முழுக்க அவன் உட்கார்ந்திருந்தான். ஒல்லி இளைஞன் பந்தைக் கொண்டு வந்தான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை, கால்கள் பின்னிக்கொண்டன. இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே போக, மைத்துனன் எழுந்து போய்க் கேப்டனின் முன்னால் நின்றான். பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை. கைகளைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். கேப்டன் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தபடியே நின்றார். பிறகு பாட்டிலை இறக்கி, அவன் இடது மணிக்கட்டைப் பிடித்து உலுக்கி, ஏதோ கத்தினார். சண்டை என்றே நினைத்தோம். என்ன சொன்னார் என்பதைப் பிறகு அவனே சொன்னான்: "மரியாதைய எங்கம்மா கடையில மீன் வாங்க வர்றப்ப குடு. இங்க பந்தக் குடு. நான் திரும்பிடுவேன்."

மூன்றாவது குவாட்டரின் நடுவில் கோச் அவனை மறுபடி இறக்கினார். வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். முதல் தடவை கேப்டன் மறித்தார், இவன் இடப்பக்கமாகச் சுற்றினான், பந்து இடது கையிலிருந்தே போனது. கேப்டன் திரும்பியிருந்தார். வாங்கிக் கூடைக்குள் போட்டார். நானா எழுந்து நின்றார், உட்காரவே இல்லை. அதன் பிறகு எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சில பந்துகள் போய்ச் சேர்ந்தன. ஒன்றைக் கேப்டனே நழுவ விட்டார். ஒரு தடவை, நெருக்கடியில், அவன் கை பழையபடி மாறியது, பறிபோனது, என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கடைசி நிமிடம் வரை ஒட்டி வந்து, ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பார்த்தோம். தலை ஈரமாக இருந்தது. "திங்கக்கிழம சொல்றாங்களாம்," என்றான். லோரிக்காரர் அவன் தோளில் தட்டி, "கடைசியில நல்லா இருந்துச்சு லா," என்றார். "கடைசியில நல்லா இருந்து என்னண்ணே?" என்றான் அவன். பிறகு மேனேஜர் கூப்பிடுகிறார் என்று போய்விட்டான்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. மதியத்துக்கு முன் போன் வந்தது. என் மனைவி ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அக்கா, வெளிநாட்டு பாயின்ட் வர்றான், இம்போர்ட். முன்னமே முடிவு பண்ணிட்டாங்களாம். டிக்கெட் எடுத்தாச்சு. சனிக்கிழமை எப்படி ஆடியிருந்தாலும் அவன் வந்திருப்பான்."

அவள் சுவரில் சாய்ந்தாள். நான் அவள் கையிலிருந்து போனை வாங்கப் போனேன்.

"நான் இருக்கேன்," என்றான் அவன். "ரெண்டாவது ஆளா, சீசன் முடியற வரைக்கும். கேப்டன் உள்ள போய்ப் பேசுனாரு. இவன வெச்சுக்கன்னாரு."

"மாப்ள!" என்று நான் கத்திவிட்டேன். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன் சந்தோஷப்படுவதாகத் தெரியவில்லை.

"ஒரு ஆளு போகணும்ல, மாமா. ஒல்லியத் தூக்கிட்டாங்க."

 ஒல்லி இளைஞன் பஸ்ஸில் சாமானை ஏற்றிக்கொண்டு தனியாகப் போகிறேன் என்றானாம். மைத்துனன் விடவில்லை. சித்தியவானுக்குத் தானே காரில் கொண்டு போய் விடுகிறானாம். எப்படியும் இந்தப் பக்கமாகத்தான் போக வேண்டும். "ஏதாச்சும் சமைச்சு வை, அக்கா. காலையிலேருந்து அவன் சாப்பிடல."

அவள் கோழியை வெட்டி முடிப்பதற்குள் லோரிக்காரரின் போன் வந்தது. "என்ன ஆச்சு, கிராணி? யாரு போனா, யாரு இருக்கா? இம்போர்ட் எந்த ஊரு?" பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வந்த இளைஞன் வாசற்படியில் குனிந்து நுழைந்தான். பெரிய பை ஒன்று காரிலேயே இருந்தது. என் மனைவி மலாயில், காரம் அதிகமா என்று கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறது என்றான். இரண்டாவது தடவையும் சோறு வாங்கிக்கொண்டான். சீனத்தில் ஏதோ சொன்னான், மைத்துனன் சிரித்தான், சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அப்பாவின் இரும்புக் கடையில் வேலை இருக்கிறதாம்; அடுத்த ஆண்டு மறுபடி அணித் தேர்வுக்கு வருவானாம். எங்களிடம் மலாயில் சொன்னான். வருவான் என்று நாங்கள் எல்லோரும் தேவைக்கு அதிகமாகத் தலையாட்டினோம்.

மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் சபாக் பெர்ணாம் தாண்டிவிட வேண்டும் என்று மைத்துனன் எழுந்தான். காரில் ஏறுவதற்கு முன் எங்கள் பக்கம் வந்து நின்றான்.

"சனிக்கிழமை வராதீங்க, மாமா. இம்போர்ட்தான் முதல்ல இறங்குவான். நான் உக்காந்துதான் இருப்பேன்."

"நீ உக்காந்திருக்குறதப் பாக்கத்தான் வர்றோம்," என்றாள் என் மனைவி.

அவன் ஏறி உட்கார்ந்தான். காரைப் பின்னுக்கு எடுத்தான். முன் இருக்கையில் அந்த இளைஞனின் நீண்ட முழங்கால்கள் டாஷ்போர்டில் இடித்துக்கொண்டிருந்தன. இருக்கையைப் பின்னால் தள்ள நெம்புகோலைத் தேடிக்கொண்டிருந்தான். அது எங்கே இருக்கிறது என்று மைத்துனன் குனிந்து காட்டினான். கார் வடக்கே திரும்பியது.